அடுத்த தூண்டில் போட்டிக்குத் தராசு வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பெருநாள் முடிந்து வந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் நம் ஊர் இளைஞர்கள் வாவியில் தூண்டில் போட்டி நடத்தினார்கள் அல்லவா? அதில் நாங்களும் கலந்துகொண்டோம். நாங்கள் என்றால் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தமிழ், மற்றவர் விஞ்ஞானம். கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் சோடியாகத்தான் போவோம். இந்தப் பதிவையும் இருவரும் இருந்து பேசித்தான் எழுதுகிறோம்.

மீன்பிடி எங்களுக்குத் தொழில் அல்ல. பின்னேரங்களில் பாலத்தடியில் நின்று தூண்டில் வீசுவோம். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பி, வீட்டில் ஏச்சு வாங்குவோம். அப்படிப்பட்ட எங்களுக்கு அந்த இரண்டு நாளும் பெருநாளின் நீட்சி மாதிரித்தான் இருந்தது. அதை ஒழுங்கு செய்த தம்பிமாருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். பெருநாள் விடுமுறை என்றால் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு வீதியில் பறக்கும் வயதுப் பிள்ளைகள், இரண்டு நாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார்கள். அது சின்ன விடயம் அல்ல.

விதி இலேசானது. ஆளுக்கு 1,000 ரூபா நுழைவுக் கட்டணம். வலை கூடாது, தூண்டில் மட்டும். பின்னேரம் 4 மணிக்குள் மீனைத் துறைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நாளிலும் பிடிபட்ட மீன்களில் எது ஆகப் பாரமோ அதற்குத்தான் முதல் பரிசு: 25,000 ரூபாவும் ரொட், ரீல் செட் ஒன்றும்.

சனிக்கிழமை சுபஹ் தொழுகை முடிந்த கையோடு துறைக்குப் போய்விட்டோம். வலைக்காரக் காக்கா ஒருவர் தன் வள்ளத்தை இரவல் தந்தார். துடுப்புப் போட அவருடைய மகன் வந்தான். தரம் 10இல் எங்களிடம் படிக்கும் பிள்ளை. வகுப்பில் பின் வாங்கில் இருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவன், வள்ளத்தில் ஏறியதும் வாத்தியாராகிவிட்டான். ஒன்லைனில் ஓடர் பண்ணி எடுத்த ரப்பர் மீன்களை நாங்கள் பெருமையாகக் காட்டினோம். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அது கடைக்காரனத்தான் புடிக்கும் சேர். உயிர் இறால் போடுவம்" என்றான்.

சனிக்கிழமை முழுக்க வெயில் குடித்ததுதான் மிச்சம். கண்டல் மரங்களின் ஓரமாக, ஓடை வந்து விழும் இடத்தில் பெரிய கொடுவா ஒன்று இழுத்தது. ஒருமுறை மேலே பாய்ந்து தலையை உதறியது. அவ்வளவுதான், தங்கூசி அறுந்துவிட்டது. கொடுவாவின் செவுள் ஓரம் கத்தி மாதிரி என்பதை அன்றைக்குத்தான் அனுபவத்தில் கண்டோம். மற்றப்படி ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை பத்தரை மணிபோல, அதே ஓடை வாய்க்குப் பக்கத்தில் இன்னொன்று எடுத்தது. இந்த முறை பிள்ளை சொன்னபடி நூலைத் தளரவிடாமல் பிடித்தோம். அவன் அத்தாங்கால் அள்ளி வள்ளத்தில் போட்டபோது, முப்பது வயதைத் தாண்டிய இரண்டு வாத்திமார் போட்ட கூச்சல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். 3 கிலோ 400 கிராம். வாழ்க்கையில் நாங்கள் பிடித்த ஆகப் பெரிய மீன். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு 4 மணிக்காகக் காத்திருந்தோம்.

4 மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடுவா வந்தது. தராசு 6 கிலோ 200 கிராம் காட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

பக்கத்தில் நின்ற பிள்ளை எங்கள் சேர்ட்டைப் பிடித்து இழுத்தான். "சேர், அது வலையில பட்ட மீன். செவுளுக்குப் பின்னால பாருங்க" என்று காதுக்குள் சொன்னான். பார்த்தோம். உடம்பைச் சுற்றி நூல் இறுக்கிய மாதிரி ஒரு தழும்பு. வாயில் தூண்டில் குத்திய காயம் எங்கள் கண்ணுக்குப் படவில்லை. கண் உள்ளே போயிருந்தது. உடம்பு விறைத்திருந்தது. அன்று பகல் பிடித்த மீன் மாதிரித் தெரியவில்லை. வலைக்காரன் பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்த இடத்தில் நாங்கள் அவனுக்குச் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறோம்: "மகன், நமக்கு ஏன் வம்பு? பேசாம இரி."

ஏன் அப்படிச் சொன்னோம்? காரணங்கள் இருந்தன. அடுத்த இடம் எங்களுடையது. வாய் திறந்தால், தோற்றவர்களின் பொறாமை என்பார்கள். பெருநாள் நேரம். சொந்தக்காரர்கள் கூடி நிற்கிறார்கள். நிரூபிக்கவும் எங்களிடம் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை. தழும்புக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆகவே அந்த மீனைக் கொண்டுவந்தது யார் என்று தயவுசெய்து கருத்துப் பகுதியில் தேட வேண்டாம், இன்பொக்ஸில் பெயர் கேட்கவும் வேண்டாம். இந்தப் பதிவு அவரைப் பற்றியது அல்ல. இரண்டாம் பரிசை வாங்கிக்கொண்டு, சிரித்துப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன எங்களைப் பற்றியது.

அடுத்த கிழமை வகுப்பில் ஒரு சம்பவம். ஒப்படையை ஐந்தாறு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், எழுத்துப்பிழை உட்பட. யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டோம். ஒருவரும் பேசவில்லை. பின் வாங்கில் இருந்த அந்தப் பிள்ளைக்கு விடயம் தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது. அவனைப் பார்த்துக் கேட்டோம். அவன் எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனை ஏச எங்களுக்கு நாக்கு வரவில்லை. பேசாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தானே.

அன்றிலிருந்து இந்த விடயத்தை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறோம். பேசி வந்து சேர்ந்த முடிவு இதுதான்: அடுத்த முறை தராசு வேண்டாம். மீனை உயிரோடு அளந்து, உயிரோடு வாவியில் விடும் போட்டியாக இதை மாற்ற வேண்டும்.

எடைக்குப் பரிசு என்றால் எங்கேயும் இந்தச் சோதனை வரத்தான் செய்கிறது. 2022 செப்டெம்பர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியில் நடந்த போட்டியின் வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் கொண்டுவந்த ஐந்து மீன்கள் பார்வைக்கு 20 இறாத்தல் அளவில்தான் இருந்தன. தராசோ 34 இறாத்தல் அளவில் காட்டியது. போட்டியை நடத்தியவருக்குச் சந்தேகம் வந்து, எல்லோர் முன்னாலும் மீனின் வயிற்றைக் கீறினார். உள்ளே ஈயக் குண்டுகள். வேறு மீனின் சதைத் துண்டுகளும் இருந்தன. 28 ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட பரிசுக்காகச் செய்த வேலை. விடயம் நீதிமன்றம் போய், அடுத்த வருடம் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 10 நாள் சிறை, மீன்பிடி அனுமதிப்பத்திரம் மூன்று வருடத்துக்கு இடைநிறுத்தம், படகும் பறிபோனது. அந்த வீடியோவைப் பார்த்து அப்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நம் துறையில் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி சூராவே இறங்கியிருக்கும் சமூகம் நாம். அதைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்ய வைக்கிறோம். ஆனால் சந்தைத் தராசைப் பற்றி மட்டும்தான் அது என்று நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. துறையில் நாம் எப்படி அளக்கிறோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

சரி, உயிரோடு அளப்பது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். இந்த மாதிரிப் போட்டிகளை அமெரிக்காவில் பெரிய அளவுக்குக் கொண்டுபோனவர் ரே ஸ்கொட் என்ற காப்புறுதி முகவர். 1967 ஜூன் மாதம் ஆர்கன்சோ மாநிலத்து பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டி பாஸ் மீன் போட்டி நடத்தினார். ஆரம்பத்தில் அங்கேயும் செத்த மீன்தான் தராசில் ஏறியது. 1972 முதல், பிடித்த மீனைக் கொல்லாதே, திரும்ப விடு என்று அவர் பிரசாரம் செய்தார். காற்று ஏற்றிய தண்ணீர்த் தொட்டி படகுக்குள்ளேயே வந்தது. செத்த மீனைக் கொண்டுவந்தால் எடையில் கழிப்பார்கள். இப்போது அங்கே போட்டி முடிந்ததும் மீனைத் திரும்ப ஏரியில் விடுவதுதான் சாதாரண வழக்கம்.

அதோடு இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். முன்பின் தெரியாத இரண்டு போட்டியாளர்களைச் சீட்டுப் போட்டு ஒரே படகில் அனுப்பினார்கள். சில போட்டிகளில் தேர்ந்தவர் முன்னால் நிற்பார், எங்களைப் போல பொழுதுபோக்குக்கு வந்தவர் பின்னால் நிற்பார். ஒருவருக்கு மற்றவர் சாட்சி. வென்றவரைப் பொய் கண்டுபிடிக்கும் கருவிக்கு முன்னால் இருத்துகிற போட்டிகளும் உண்டு. அங்கே இருப்பவர்களும் மலக்குமார் அல்ல. மனிதன் சறுக்கக்கூடியவன் என்று தெரிந்துதான் விதியை எழுதியிருக்கிறார்கள். நாங்களோ "நம்ம புள்ளைகள்தானே" என்று விட்டுவிட்டோம்.

நம்மிடம் தொட்டி வைத்த படகு இல்லை. தேவையும் இல்லை. சிறு கயாக் படகுகளில் போட்டி நடத்துகிறவர்கள் இதற்கு இலேசான வழி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எடை பார்ப்பதில்லை, நீளம் பார்க்கிறார்கள். மீனை அளவுப் பலகையில் கிடத்தி, அன்று காலையில் கொடுத்த இலக்கச் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம். உடனே மீன் தண்ணீருக்குள் போய்விடும். காலையில்தான் இலக்கம் கிடைப்பதால் பழைய படம் செல்லாது. நேற்று வலையில் பட்ட செத்த மீனைத் திரும்ப விடவும் முடியாது. மீன் நீந்திப் போவதைப் பத்து வினாடி வீடியோ எடுக்கச் சொன்னால் கதை முடிந்தது. இன்றைக்கு எந்தப் பிள்ளையின் கையில் போன் இல்லை?

இதில் நேர்மையோடு இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் கொடுவாவை ஆங்கிலத்தில் ஏசியன் ஸீ பாஸ் என்கிறார்கள். அமெரிக்க பாஸுக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, குடும்பம் வேறு. கொடுவாவின் விசேஷம் என்னவென்றால், அது முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடங்கள் கழித்து உடல் பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிற மீன். அப்படியென்றால், பெரிய கொடுவாக்களில் பெரும்பாலானவை பெண். ஒரு பெரிய பெண் மீன் இலட்சக்கணக்கில் முட்டை இடும். "ஆகப் பாரமான மீனுக்குப் பரிசு" என்று நாம் அறிவித்தால், "ஆகப் பெரிய தாய் மீனைக் கொன்று வா" என்று அறிவித்த மாதிரித்தான். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனுக்கு இரண்டு பக்கமும் எல்லை வைத்திருக்கிறார்கள். 58 சென்ரிமீற்றரை விடச் சிறியதையும் வைத்திருக்கக் கூடாது, 120 சென்ரிமீற்றரை விடப் பெரியதையும் வைத்திருக்கக் கூடாது. குஞ்சும் பிழைக்க வேண்டும், தாயும் பிழைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

வள்ளம் தந்த காக்காவிடம் இதைச் சொன்னோம். அவர் சொன்னது: "எங்கட வாப்பா காலத்துல தோள்ல போட்டா வால் நிலத்துல இழுபடுற கொடுவா வரும் சேர். இப்ப அப்படி ஒன்ட கண்டு எத்தன வருசம்." அவருக்கு அது சோறு. நமக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அவருடைய சோற்றில் கை வைத்து நாம் விளையாடக் கூடாது.

எதிர்க்கருத்து வரும் என்று தெரியும். வந்ததையே சொல்கிறோம்.

முதலாவது: "அல்லாஹ் தந்த ரிஸ்க்கைத் திரும்ப விடுவதா?" பிடித்துச் சாப்பிடுவதை நாங்கள் குறை சொல்லவே இல்லை. எங்கள் 3 கிலோ 400 கிராம் மீனும் இரண்டு வீட்டிலும் ஆணமாகித்தான் போனது. வேண்டுமானால் போட்டி நாளில் ஆளுக்கு ஒரு நடுத்தர மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விதி வைப்போம். பரிசை மட்டும் கொல்வதோடு கட்டிவிடாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது கேள்வி கனமானது. "சாப்பிடவும் இல்லை, சும்மா குத்தி இழுத்துவிட்டு விடுவது என்றால், அது உயிரை வதைத்து விளையாடுவது அல்லவா?" எங்கள் பாடசாலை மௌலவி ஒருவரே இதைக் கேட்டார். இதை நாங்கள் சிரித்துத் தள்ளிவிட விரும்பவில்லை. வதையைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால் காயம் சிறிது, கழற்றுவதும் சுகம். காய்ந்த கையால் மீனைத் தொடக் கூடாது, அதன் மேல் இருக்கும் வழுவழுப்புத்தான் அதற்குத் தோல் காப்பு. பெரிய மீனை வாயில் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுக்கக் கூடாது, வயிற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். உச்சி வெயிலில் போட்டியை நிறுத்திவிடலாம். முள்ளை ஆழமாக விழுங்கி, விட்டாலும் பிழைக்காது என்ற மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாம். இவ்வளவும் செய்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்று ஒருவர் விலகி நின்றால், அவருடைய பேணுதலை மதிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வி: இப்போது நடந்த போட்டியில் வதை இல்லையா? பரிசு கிடைக்காத மீன்களில் எத்தனை, பின்னேரம் வரை வெயிலில் கிடந்து பூனைக்குப் போனது என்பதைத் துறையில் நின்றவர்கள் அறிவார்கள்.

மூன்றாவது: "எந்த விதி வைத்தாலும் கள்ளம் செய்பவன் செய்வான்." உண்மைதான். பரீட்சை மண்டபத்திலும் அப்படித்தான். அதற்காக மேற்பார்வையாளரை எடுத்துவிடுகிறோமா? கள்ளம் செய்வதை இலேசாக்கி வைத்துவிட்டு, செய்தவனை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. அந்தத் தம்பி பிழை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், ஒரு செத்த மீன் போதும் என்ற விதியை வைத்து அவரைச் சந்தேகத்தில் நிறுத்தியது நாம் எல்லோரும்தான்.

ஆகவே ஏற்பாட்டாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் நான்கு. எடைக்குப் பதில் நீளம். காலையில் இலக்கச் சீட்டு. ஒரு வள்ளத்தில் வெவ்வேறு குழுவைச் சேர்ந்த இரண்டு பேர். பிடித்த மீன் நீந்திப் போகும் வீடியோ. அளவுப் பலகைகளை நாங்கள் செய்து தருகிறோம். ஒரு மீற்றரும் இருபது சென்ரிமீற்றரும் நீளமான பலகை, ஒரு முனையில் மூக்கு முட்ட ஒரு கட்டை, சென்ரிமீற்றர் கோடுகள். எங்கள் பிள்ளைகளே கோடு போடுவார்கள், கணித பாடமும் ஆயிற்று. மரத்துக்கு எங்கள் இரண்டாம் பரிசுக் காசு இருக்கிறது. அதை வேறு எதற்கும் செலவழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். தனியாகக் கூப்பிட்டு அல்ல, வகுப்பில் எல்லோர் முன்னாலும். "துறையில வெச்சு ஒரு பிள்ளைய, கண்டத சொல்லாம இருக்கச் சொன்னம். அது எங்கட பிழை" என்றோம். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவன் எழும்பி, "பரவால்ல சேர்" என்றான். பிறகு உட்காராமல் நின்றுகொண்டு கேட்டான்:

"சேர், பலகைல அளக்கிறண்டா வாலையும் சேத்தா அளக்குற, இல்லாட்டி வால் துவங்குற இடம் வரைக்குமா? அத இப்பவே எழுதி வெச்சிருங்க. இல்லாட்டி அதுலயும் சண்ட வரும்."

வாயை மூடி, வாலைச் சேர்த்து நுனி வரை. எழுதி வைத்துவிட்டோம்.

உங்கள் கருத்துகளையும் சொல்லுங்கள். ஏசுவதென்றாலும் பரவாயில்லை, மீனை மட்டும் விட்டுவிடுங்கள்.